டயரின் அளவை மாற்றினால் ஸ்பீடோமீட்டர் என்ன காட்டும்? ஐந்து வழிகள், ஓர் ஒப்பீடு

தேய்ந்த டயரை மாற்றப் போகும்போது பலருக்கும் ஒரே இடத்தில்தான் தயக்கம் வருகிறது. வண்டியோடு வந்த அளவையே மீண்டும் போடுவதா, ஓர் அளவு பெரிதாகப் போடுவதா, ரிம்மையும் சேர்த்தே மாற்றிவிடுவதா? கடையில் பேச்சு பெரும்பாலும் தோற்றம், பிடிப்பு, விலை ஆகிய மூன்றையே சுற்றிவரும். ஸ்பீடோமீட்டர் காட்டும் வேகம் மாறிவிடாதா என்று கேட்டால், "அதெல்லாம் பெரிதாகத் தெரியாது" என்ற பதில் வரும்.

சில ஆண்டுகளுக்கு முன் அந்தப் பதிலை நம்பி, 185/65 ஆர்15 டயர் இருந்த என் காரில் 205/65 ஆர்15 போட்டுக்கொண்டேன். அடுத்த மாதம் வழக்கமாக 500 கிலோமீட்டர் காட்டும் ஒரு பயணத்துக்கு ஓடோமீட்டர் 480 காட்டியது. பாதை அதே பாதைதான். நிரப்பிய எரிபொருளும் கிட்டத்தட்ட அதே அளவு. மைலேஜ் குறைந்துவிட்டதாக எண்ணி மெக்கானிக்கிடம் இருமுறை போய்வந்த பிறகுதான், சக்கரத்தின் சுற்றளவு 4 விழுக்காட்டுக்கு மேல் கூடியிருப்பது எனக்கு உறைத்தது. காசு கொடுப்பதற்கு முன்பே ஐந்து நிமிடத்தில் போட்டிருக்கக்கூடிய கணக்கு அது. அதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

## எவற்றை வைத்து ஒப்பிட வேண்டும்

முதல் அளவுகோல், முள் காட்டும் வேகத்துக்கும் வண்டியின் உண்மை வேகத்துக்கும் இடையே உள்ள வேறுபாடு எந்தப் பக்கம் நகர்கிறது என்பது. வேறுபாட்டின் அளவைவிட அதன் திசைதான் முக்கியம். முள் கூடுதலாகக் காட்டினால் நாம் நினைப்பதைவிட மெதுவாகப் போகிறோம். குறைவாகக் காட்டினால் நமக்கே தெரியாமல் வேக வரம்பைத் தாண்டிக்கொண்டிருப்போம்.

இரண்டாவது, ஓடோமீட்டர். சர்வீஸ் இடைவெளி, உத்தரவாதக் கணக்கு, மைலேஜ், விற்கும்போது சொல்லும் கிலோமீட்டர் எல்லாம் அதைச் சார்ந்தவை. மூன்றாவது, டயர் தாங்கும் எடை, மட்கார்டுக்குள் இருக்கும் இடம், பிரேக், இழுவை ஆகியவை. நான்காவது, பில்லில் வராத பிற்காலச் செலவு. ஐந்தாவதாக, பிடிக்காமல் போனால் பழைய நிலைக்குத் திரும்புவது எவ்வளவு எளிது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ரிம் மாற்றியவர்களுக்கு இது பெரிய கேள்வி.

## முள் எப்படி வேகத்தை அறிகிறது

வண்டி அறிவது சக்கரம் எத்தனை முறை சுழல்கிறது என்பதை மட்டுமே. ஒரு சுற்றுக்கு இவ்வளவு தூரம் என்று தொழிற்சாலையில் பதித்த ஓர் எண்ணால் அந்தச் சுற்றுகளைப் பெருக்கித் தூரத்தையும் வேகத்தையும் சொல்கிறது. பழைய வண்டிகளில் கியர்பெட்டியிலிருந்து வரும் கேபிள் ஒரு காந்தத்தைச் சுழற்ற, அது அலுமினியக் கிண்ணம் ஒன்றை இழுத்து, சுருள்வில்லுக்கு எதிராக முள்ளை நகர்த்தும். இப்போதைய வண்டிகளில் கியர்பெட்டியில் உள்ள உணரியோ (சென்சார்), பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ்ஸுக்கான சக்கர உணரிகளோ துடிப்புகளை அனுப்ப, கணினி கணக்குப் போடுகிறது. இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே: நீங்கள் டயரை மாற்றியது அந்த எண்ணுக்குத் தெரியாது.

டயரின் மொத்த விட்டத்தை அதன் பக்கச்சுவரில் எழுதியிருப்பதை வைத்தே கணக்கிடலாம். 185/65 ஆர்15 என்றால் அகலம் 185 மி.மீ.; பக்கச்சுவரின் உயரம் அதில் 65 விழுக்காடு, அதாவது 120.25 மி.மீ.; மேலும் கீழுமாக 240.5 மி.மீ. ரிம் 15 அங்குலம், அதாவது 381 மி.மீ. ஆக மொத்தம் 621.5 மி.மீ. புதிய டயருக்கும் இதேபோல் கணக்கிட்டு, பழைய விட்டத்தால் வகுத்தால் மாற்றத்தின் விகிதம் கிடைத்துவிடும். வண்டியின் எடையால் டயர் சற்று அமுங்குவதால் உண்மையான உருளும் சுற்றளவு இந்தக் கணக்கைவிடச் சில விழுக்காடு குறைவாகவே இருக்கும். ஆனால் இரண்டு டயர்களும் ஏறத்தாழ ஒரே விகிதத்தில் அமுங்குவதால் ஒப்பீடு பெரிதாகப் பிழைப்பதில்லை.

இங்கே விதி ஒன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஐக்கிய நாடுகள் அமைப்பின் 39-ஆம் எண் வாகன விதியைப் பின்பற்றும் நாடுகளில், ஸ்பீடோமீட்டர் உண்மை வேகத்தைவிடக் குறைவாக ஒருபோதும் காட்டக் கூடாது. கார்களில் கூடுதலாகக் காட்டலாம், ஆனால் அந்தக் கூடுதல் உண்மை வேகத்தின் பத்தில் ஒரு பங்குடன் மணிக்கு 4 கி.மீ. சேர்ந்த அளவைத் தாண்டக் கூடாது. உண்மை வேகம் 100 என்றால் முள் 100 முதல் 114 வரை எங்கே நின்றாலும் விதிக்கு உட்பட்டதே. குறைவாகக் காட்ட இடமே இல்லாததால், தயாரிப்பாளர்கள் வேண்டுமென்றே முள்ளைச் சற்றுக் கூட்டியே வைக்கிறார்கள்.

ஓடோமீட்டருக்குப் பொதுவாக இந்தக் கூட்டல் கிடையாது. ஒரே உணரி, ஒரே சக்கரம், ஆனாலும் முள் சற்று மிகைப்படுத்தும், ஓடோமீட்டர் ஏறக்குறையச் சரியாக எண்ணும். ஆகவே டயர் சற்றுப் பெரிதானால் முள் உண்மையை நெருங்குகிறது, ஓடோமீட்டரோ உண்மையிலிருந்து விலகுகிறது. "பெரிய டயர் போட்ட பிறகு ஸ்பீடோமீட்டர் ஜிபிஎஸ்ஸோடு பொருந்துகிறது" என்று மகிழ்பவர்கள் பலரும் இந்த இரண்டாவது பாதியைப் பார்ப்பதில்லை.

## வாங்குவதற்கு முன், உங்கள் வண்டியின் இன்றைய பிழையை அளந்துகொள்ளுங்கள்

காற்றழுத்தத்தைச் சரிசெய்துவிட்டு, நேரான, சமதளமான, நெரிசலற்ற சாலையில் வேகத்தைச் சீராக வைத்து ஓட்டுங்கள். பக்கத்தில் இருப்பவர் ஜிபிஎஸ் வேகத்தைக் குறிக்கட்டும். ஜிபிஎஸ் சற்றுத் தாமதமாகவே வேகத்தைப் பின்தொடர்வதால், முள் 60-இல் நின்று பத்து விநாடியாவது ஆன பிறகு குறிக்க வேண்டும். 80, 100 ஆகியவற்றுக்கும் அப்படியே. தூரக்கற்கள் ஒழுங்காக நட்டிருக்கும் சாலையில் கடிகாரமே போதும். உண்மை வேகம் 100 என்றால் ஒரு கிலோமீட்டருக்கு 36 விநாடி, 80 என்றால் 45 விநாடி.

இதில் பலரும் தவறவிடும் ஒரு நுட்பம் உண்டு. புதிய டயரின் பட்டன், அதாவது தரையைத் தொடும் பரப்பில் உள்ள வரிப்பள்ளம், ஏறத்தாழ 8 மி.மீ. ஆழம் இருக்கும். அது 3 மி.மீ. ஆகத் தேயும்போது விட்டத்தில் 10 மி.மீ. போய்விடுகிறது, அதாவது 621.5 மி.மீ. டயரில் 1.6 விழுக்காடு. தேய்ந்த டயரோடு அளந்து "என் முள் 4 விழுக்காடு கூட்டிக் காட்டுகிறது" என்று ஒருவர் கண்டால், அதே அளவில் புது டயர் போட்டதும் அது ஏறத்தாழ 2.3 விழுக்காடாகச் சுருங்கிவிடும். அந்த 4 விழுக்காட்டை நம்பி 4 விழுக்காடு பெரிய டயர் வாங்கினால், புது டயரோடு முள் உண்மை வேகத்தைவிடக் குறைவாகக் காட்டத் தொடங்கும். மொட்டையாகும் தறுவாயில் இருக்கும் டயரில் எடுத்த அளவை இப்படித் திருத்திய பிறகே பயன்படுத்த வேண்டும்.

## எண்களில் ஒப்பீடு

அடிப்படை அளவாக 185/65 ஆர்15-ஐ எடுத்துக்கொண்டுள்ளேன். நான்காவது நிரலில் ஸ்பீடோமீட்டர் முன்பு துல்லியமாக இருந்ததாகவும், ஐந்தாவதில் முன்பு 4 விழுக்காடு கூட்டிக் காட்டியதாகவும் கொண்டு, முள் 100-இல் நிற்கும்போது உண்மை வேகம் என்ன என்று கணக்கிட்டிருக்கிறேன்.

| டயர் | விட்டம் (மி.மீ.) | மாற்றம் | முள் துல்லியமானால் உண்மை வேகம் | முள் 4% கூட்டினால் உண்மை வேகம் | ஓடோமீட்டர் 10,000 காட்டும்போது ஓடியது (கி.மீ.) |
|---|---|---|---|---|---|
| 185/65 ஆர்15 | 621.5 | – | 100 | 96.2 | 10,000 |
| 195/65 ஆர்15 | 634.5 | +2.1% | 102.1 | 98.2 | 10,209 |
| 205/65 ஆர்15 | 647.5 | +4.2% | 104.2 | 100.2 | 10,418 |
| 195/55 ஆர்16 | 620.9 | −0.1% | 99.9 | 96.1 | 9,990 |
| 205/45 ஆர்17 | 616.3 | −0.8% | 99.2 | 95.3 | 9,916 |
| 175/65 ஆர்15 | 608.5 | −2.1% | 97.9 | 94.1 | 9,791 |

ரிம் இரண்டு அங்குலம் கூடிய 205/45 ஆர்17, ஸ்பீடோமீட்டரை ஒரு விழுக்காடுகூட அசைக்கவில்லை. ரிம்மைத் தொடாத 205/65 ஆர்15 அதை 4 விழுக்காட்டுக்கு மேல் நகர்த்திவிட்டது. கண்ணுக்குப் பெரிதாகத் தெரியும் மாற்றமும் முள்ளை மாற்றும் மாற்றமும் வேறு வேறு என்பதற்கு இந்த இரண்டு வரிகளே போதும்.

## முதல் வழி: வண்டியோடு வந்த அளவு

முள், ஓடோமீட்டர், எடை தாங்கும் திறன், பிரேக் என எல்லா அளவுகோலிலும் இது தேறிவிடும். ஆனாலும் துல்லியம் முற்றிலும் மாறாமல் இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். 8 மி.மீ. பட்டன், பல நாடுகளில் சட்ட எல்லையாக உள்ள 1.6 மி.மீ. வரை தேய்ந்தால் விட்டம் 2 விழுக்காடு குறைகிறது. ஓர் அளவு டயர் மாற்றத்துக்கு ஈடான நகர்வு அது. ஒரே அளவு அச்சிட்ட டயர்களுக்குள்ளும் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் சிறு வேறுபாடு உண்டு.

வண்டி உத்தரவாதத்தில் இருப்பவர்களும், நான்கு சக்கர இயக்கம் உள்ள வண்டிக்காரர்களும், வாடகைக்கு ஓட்டிக் கிலோமீட்டர் கணக்கில் பணம் வாங்குபவர்களும் வேறு எதையும் யோசிக்கத் தேவையில்லை. சில வண்டிகளின் கதவு ஓரத்தில் ஒட்டியிருக்கும் தாளில் ஒன்றுக்கு மேற்பட்ட டயர் அளவுகள் இருக்கும். அவற்றில் ஒன்றை எடுப்பதும் இந்த வழியில்தான் சேரும்.

## இரண்டாவது வழி: அதே ரிம்மில் ஓர் அளவு பெரிது

அதிகம் பேர் போகும் வழி இது. ரிம்முக்குச் செலவில்லை, வண்டி சற்று உயர்கிறது, பள்ளங்களில் மெத்தென்று இருக்கிறது. 195/65 ஆர்15 போன்ற 2 விழுக்காட்டு மாற்றத்தில், முள் ஏற்கெனவே 3, 4 விழுக்காடு கூட்டிக் காட்டும் வண்டி இன்னமும் பாதுகாப்பான பக்கத்திலேயே நிற்கும். டயர் தாங்கும் எடையைக் குறிக்கும் எண்ணான எடைக் குறியீடும் பெரும்பாலும் கூடவே செய்யும்: 185/65 ஆர்15-இல் வழக்கமான 88 என்பது ஒரு டயருக்கு 560 கிலோ, 195/65 ஆர்15-இல் வழக்கமான 91 என்பது 615 கிலோ.

தயாரிப்பாளர் விட்டுவைத்த கூட்டலைத்தான் நாம் இங்கே எடுத்துச் செலவழிக்கிறோம் என்பதை மறக்கக் கூடாது. 2 விழுக்காட்டில் கொஞ்சம் மிச்சம் இருக்கும். 4 விழுக்காட்டில் எல்லாம் தீர்ந்து, அட்டவணையில் 100.2 என்று காண்பதுபோல் முள் உண்மைக்குக் கீழே இறங்கிவிடும். டயர் தொழிலில் பொதுவாகச் சொல்லப்படும் 3 விழுக்காட்டு எல்லையை நான் வசதியான எல்லையாகக் கொள்வதில்லை. மேல்நோக்கிய மாற்றத்துக்கு 2 விழுக்காடே என் எல்லை.

மறைந்திருக்கும் செலவுகள் வேறு. 205/65 போட்ட என் காரில் 10,000 கிலோமீட்டரில் செய்ய வேண்டிய ஆயில் மாற்றம் உண்மையில் 10,418-இல் நடந்தது. லிட்டருக்கு 18 கி.மீ. உண்மையாகவே கொடுத்துக்கொண்டிருந்த வண்டி, கணக்கில் 17.3 என்றே காட்டும். சுற்றளவு கூடிய அளவுக்குச் சக்கரத்தில் இழுவை குறைவதால் ஏற்றத்தில் பிக்கப் மந்தமாகும். பிரேக்கை அதே அழுத்தம் அழுத்தினாலும் தரையில் கிடைக்கும் நிறுத்தும் விசை அதே விகிதத்தில் குறையும். ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பி, பின்சீட்டில் ஆட்களை ஏற்றி, ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கிப் பார்த்தால்தான் டயர் மட்கார்டின் உள்விளிம்பில் உரசுகிறதா என்பது தெரியவரும்.

## மூன்றாவது வழி: ரிம் பெரிது, விட்டம் அதே

ஸ்பீடோமீட்டர் ஒன்றை மட்டும் அளவுகோலாக வைத்தால் இந்த வழி முதல் வழிக்கு இணையானது. 195/55 ஆர்16-இல் 10,000 கிலோமீட்டருக்குப் பத்து கிலோமீட்டர்தான் வேறுபாடு. முள்ளில் அது கண்ணுக்கே தெரியாது. திருப்பங்களில் உறுதியும் கூடுகிறது.

ஆனால் செலவு வேறு வாசல் வழியாக வருகிறது. பக்கச்சுவர் 120 மி.மீ.-இலிருந்து 107-க்கும், 17 அங்குல ரிம்மில் 92-க்கும் இறங்குகிறது. பள்ளத்தில் விழும் அடியைத் தாங்கும் ரப்பரும் காற்றும் அவ்வளவுக்கு மெலிந்துவிடுவதால் ரிம் வளைவதும் பக்கச்சுவர் வீங்குவதும் எளிதாகின்றன. எடைக் குறியீட்டை இங்கே அவசியம் பார்க்க வேண்டும்: 205/45 ஆர்17 சாதாரண வகையில் 84, அதாவது 500 கிலோ. அடிப்படை டயரின் 560 கிலோவுக்கு அது ஈடாகாது. எக்ஸ்எல் என்று குறித்த வலுவூட்டிய வகையில் 88 கிடைக்கும். அதற்குக் கூடுதல் காற்றழுத்தம் தேவைப்படும். ஸ்டெப்னி பழைய ரிம்மிலேயே இருந்துவிடும்; விட்டம் ஒன்றாக இருப்பதால் அவசரத்துக்கு ஓட்டலாம், பிடிப்பும் கையாளுதலும் மாறுவதால் நீண்ட தூரம் கூடாது.

நல்ல சாலைகளில் அதிகம் ஓட்டுபவர், பிரேக்கைப் பெரிதாக்கியதால் பெரிய ரிம் தேவைப்படுபவர், இதே மாடலின் மேல்வகையில் தொழிற்சாலையே இந்த அளவைக் கொடுத்திருக்கக் காண்பவர் ஆகியோருக்கு இது ஏற்றது. கரடுமுரடான சாலையில் தினமும் போகிறவருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

## நான்காவது வழி: சிறிய டயர்

விலை குறைவு என்றோ கடையில் அதுதான் இருந்தது என்றோ சிலர் சிறிய அளவை எடுக்கிறார்கள். முள் மேலும் கூட்டிக் காட்டுவதால் வேக வரம்பு நோக்கில் இதில் ஆபத்தில்லை. ஆனால் ஓடோமீட்டர் ஓடாத தூரத்தையும் சேர்த்து எண்ணும். உத்தரவாதக் கிலோமீட்டர் விரைவில் தீரும். விற்கும்போது வண்டி கூடுதலாக ஓடியதாகத் தோன்றும். எடை தாங்கும் திறன் பெரும்பாலும் குறையும், எஞ்சின் அதே வேகத்துக்குக் கூடுதலாகச் சுழலும். விட்டம் மாறாமல் பக்கச்சுவரை உயர்த்திச் சிறிய ரிம்முக்குப் போவது வேறு விஷயம். 185/70 ஆர்14-இன் விட்டம் 614.6 மி.மீ.; மாற்றம் ஒரு விழுக்காட்டுக்குச் சற்றே கூடுதல். பிரேக் உறுப்புகள் 14 அங்குல ரிம்முக்குள் அடங்குமானால், மோசமான சாலைக்கு அது நல்ல தேர்வு.

## ஐந்தாவது வழி: பெரிய மாற்றம், அதோடு அளவீட்டுத் திருத்தம்

கரட்டுப் பாதைகளில் ஓடும் வண்டிகளுக்குச் சில நேரம் பெரிய டயர் உண்மையாகவே தேவைப்படுகிறது. 265/65 ஆர்17-இலிருந்து 285/70 ஆர்17-க்குப் போனால் விட்டம் 776.3-இலிருந்து 830.8 மி.மீ. ஆகிறது, மாற்றம் 7 விழுக்காடு. முன்பு துல்லியமாக இருந்த முள் 100 காட்டும்போது வண்டி 107-இல் போகும். தயாரிப்பாளரின் கூட்டல் இதை மறைக்கும் என்று நம்பக் கூடாது. திருத்தம் செய்தே ஆக வேண்டும்.

கேபிள் வகை வண்டியில் கியர்பெட்டியில் உள்ள சிறு பற்சக்கரத்தை வேறு பற்கள் உள்ளதாக மாற்றுவார்கள். புதிய வண்டிகளில், கோளாறுகளைக் கண்டறியக் கருவியைச் செருகும் ஓபிடி இணைப்பு வழியாகக் கணினியில் உள்ள டயர் சுற்றளவை மாற்றலாம்; சில வண்டிகளில் தொழிற்சாலை அங்கீகரித்த அளவுகளுக்குள் மட்டுமே அது இயலும். மூன்றாவதாக, உணரிக்கும் மீட்டருக்கும் நடுவே பொருத்தித் துடிப்புகளின் எண்ணிக்கையைத் திருத்தும் சிறு மின்னணுப் பெட்டிகள் உண்டு. இந்தப் பெட்டியை எங்கே பொருத்துகிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். மீட்டருக்குப் போகும் கம்பியில் மட்டும் வைத்தால் முள் திருந்தும். தானியங்கி கியர், குரூஸ் கன்ட்ரோல் ஆகியவை பழைய கணக்கையே நம்பிக்கொண்டிருக்கும்.

திருத்தம் செய்த நாளின் ஓடோமீட்டர் எண்ணைப் பில்லோடு எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். ஓடோமீட்டரைப் பின்னோக்கித் திருப்புவது பல நாடுகளில் குற்றம் என்பதால், எண்ணும் விகிதத்தை மட்டுமே சரிசெய்ததற்கு அந்தத் தாளே சான்று. காப்பீட்டு ஒப்பந்தத்தில் மாற்றங்களைத் தெரிவிக்க வேண்டும் என்ற விதி இருக்கிறதா என்பதையும் முன்கூட்டியே படித்துவிடுங்கள். இவ்வளவும் செய்தாலும் திருந்துவது எண்கள் மட்டுமே. குறைந்த இழுவையும் தளர்ந்த பிரேக்கும் அப்படியே இருக்கும். அவற்றுக்கு, சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொடுக்கும் கடைசிப் பற்சக்கர விகிதத்தையும் பிரேக்கையும் மாற்றும் தனிச் செலவு தேவை.

## இருசக்கர வண்டிக்காரர்களுக்கு

உணரி எந்தச் சக்கரத்தில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். முன்சக்கரத்திலிருந்து வேகம் எடுக்கும் வண்டியில் பின்டயரை எவ்வளவு பெரிதாக்கினாலும் ஸ்பீடோமீட்டர் மாறாது. கியர்பெட்டியின் வெளித்தண்டிலிருந்து எடுக்கும் வண்டியில் பின்டயரின் சுற்றளவும் செயின் பற்சக்கரங்களின் பற்களும் சேர்ந்தே முள்ளைத் தீர்மானிக்கும்.

## பொருத்திய பிறகு

பழைய டயரைக் கழற்றுவதற்கு முன் ஒருமுறையும் புதியதைப் பொருத்திய பின் ஒருமுறையும் செய்ய வேண்டிய சோதனை இது. ஸ்பீடோமீட்டருக்கு வேகம் கொடுக்கும் சக்கரம் எது என்று தெரிந்துகொண்டு, சமதளத் தரையில் வண்டியை நிறுத்தி, அந்த டயரின் அடிப்புறம் தரையைத் தொடும் இடத்தில் டயரிலும் தரையிலும் சாக்பீஸால் ஒரே கோடாக இழுங்கள். ஸ்டியரிங்கை நேராக வைத்து, கோடு பத்து முறை கீழே வரும்வரை வண்டியை மெல்லத் தள்ளி, அங்கே தரையில் இன்னொரு கோடு போட்டு, இடைத்தூரத்தை நீள டேப்பால் அளங்கள். 185/65 ஆர்15-க்குக் கணக்கின்படி 19.5 மீட்டர்; வண்டியின் எடை அமுக்குவதால் தரையில் சற்றுக் குறைவாகவே வரும். இரண்டு அளவுகளின் விகிதம்தான் உங்கள் வண்டிக்குரிய உண்மையான மாற்றம். டயரில் அச்சிட்ட எண்ணைவிட அதையே நம்பலாம். காற்றழுத்தம் இரண்டு முறையும் ஒன்றாக இருக்கட்டும்.

சக்கரச் சுழற்சியை ஒப்பிட்டுக் காற்றழுத்தக் குறைவை எச்சரிக்கும் வகை வண்டியானால், அந்த அமைப்பைப் புது டயரோடு மீண்டும் பதிய வைக்க வேண்டும். பிறகு அதே சாலையில், அதே 60, 80, 100-இல் ஜிபிஎஸ் அளவை மறுபடி எடுத்து, பழைய தாளிலேயே பக்கத்தில் எழுதி வண்டிக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.